வணக்கம் வசந்தி

காஷிஃபா: ...பரவாயில்லண்ணா, நான் உக்காந்திருக்கேன். அவங்க வர்றப்ப வரட்டும்.

ரஞ்சித்: இல்லைங்க மேடம்... அவ வர லேட்டாவும். புளி உலுக்கப் போயிருக்கா. அப்பிடியே அவங்க அம்மா வூட்டுக்குப் போனாலும் போய்டுவா.

காஷிஃபா: எந்தப் பக்கம்னு சொல்லுங்க. நானே நடந்து போய்ப் பாத்துக்கறேன்.

ரஞ்சித்: இந்தச் செருப்புலயா?

காஷிஃபா: வாணியம்பாடிலருந்து இந்தச் செருப்புலதான் வந்திருக்கேன். புதூர்நாட்டுல ஜீப்ப வுட்டு எறங்கி, உங்க ஊரு ஏத்தத்த ஏறுனதும் இதுலதான்.

ரஞ்சித்: மொதல்ல தண்ணி குடிங்க.

காஷிஃபா: குடுங்க... வசந்தி உங்க சம்சாரம்தானே?

ரஞ்சித்: ஆமாங்க.

காஷிஃபா: அப்ப நீங்க ரஞ்சித்து.

ரஞ்சித்: என் பேரு எப்பிடி...

காஷிஃபா: பேரு பதியறப்ப வூட்டுக்காரர் பேரையும் கேட்டு எழுதுவோம்ல. என் பேரு காஷிஃபா. வாட்ஸப்புல 'தாய்மடி' குரூப்பு இருக்கில்ல, தெனம் காலைல அதுலயும், ஒவ்வொருத்தருக்கும் தனியா வர்ற மெசேஜுலயும் பேசறது நான்தான். இன்னாண்ணா, அப்பிடிப் பாக்குறீங்க?

ரஞ்சித்: வாசல்ல நின்னு 'வூட்ல யாரு'ன்னு கேட்டீங்கல்ல... அப்பவே எங்கியோ கேட்ட கொரலாட்டம் இருந்துச்சு. ஆனா உங்கள வயசானவங்கன்னு நெனச்சிகினு இருந்தேன் மேடம்.

காஷிஃபா: எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. எங்க அம்மி கூட கேட்டுட்டு, 'யாருடி இது, நாலு புள்ள பெத்தவளாட்டம் பேசறா'ன்னு சொன்னாங்க. எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலை.

ரஞ்சித்: அப்பிடியா... அப்ப இவ்ளோ விசயம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

காஷிஃபா: டாக்டருங்க எழுதிக் குடுக்கறாங்க. நான் அத அப்பிடியே படிச்சுப் பேசறேன். அவ்ளோதான்.

ரஞ்சித்: ம்...

காஷிஃபா: அதுக்குத்தான் வசந்தியப் பாக்க வந்தேன். குரூப்புல எல்லாரும் இன்னா பண்ணுவாங்க தெரியுமா? நான் ஒரு மெசேஜ் போட்டா கட்டை வெரலத் தூக்கிக் காட்ற படம் ஒண்ணு போடுவாங்க, இல்லன்னா ரோசாப்பூ. கேட்டாங்களா, செஞ்சாங்களா, ஒண்ணும் தெரியாது. ஆபீஸ்ல அந்தக் கட்டை வெரலத்தான் எண்ணிகினு இருக்காங்க.

ரஞ்சித்: போடறது சுலபமாச்சே.

காஷிஃபா: ஆனா வசந்தி அப்பிடி இல்ல. கேள்வி கேப்பாங்க. 'கஞ்சில உப்பு போடலாமா', 'மூக்கடைச்சா படுக்க வைக்கறதா, தூக்கி வச்சுக்கறதா'... சொன்னத செஞ்சுட்டு, மறுநா வந்து 'செஞ்சேன், நல்லாயிடுச்சு'ன்னும் போடுவாங்க. அத மாதிரி ஒருத்தங்க வாயால பேசி, அத மத்த பொம்பளைங்களுக்குப் போட்டுக் காட்டுனா எப்பிடி இருக்கும்?

ரஞ்சித்: அவளுக்குக் கூச்சம்ங்க. பேச மாட்டா.

காஷிஃபா: என்கிட்ட பேசுவாங்க.

ரஞ்சித்: பேச மாட்டாங்கன்னு சொல்றேன்ல! கோவிச்சுக்காதீங்க. புள்ள தூங்கிகினு கீது... அதான்.

காஷிஃபா: நானும் மெதுவாவே பேசறேன். ஒண்ணு கேக்கலாமா? பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி வசந்தி குரல்லதான் அனுப்புவாங்க. 'அக்கா, காலு வீங்குது'ன்னு ஒரு தபா, 'அக்கா, புளிப்பு தின்னா தப்பா'ன்னு ஒரு தபா. சிரிச்சுகினே பேசுவாங்க. பாப்பா பொறந்த பெறகு ஒரு வார்த்த கூட குரல்ல வரலை. எல்லாமே எழுத்து. அது ஏன்?

ரஞ்சித்: புள்ள முழிச்சுக்கும்னு இருக்கும்.

காஷிஃபா: வசந்தி எதுவரைக்கும் படிச்சாங்க?

ரஞ்சித்: அஞ்சாவது... இன்னாங்க, அந்தப் போன்ல மைக்க அமுக்கிப் பேசுனா அதுவே எழுதிக்குதே.

காஷிஃபா: ஓ. அது தெரிஞ்சு வச்சிருக்கீங்களே.

ரஞ்சித்: அவதான்... அவ செய்யறதப் பாத்திருக்கேன்.

காஷிஃபா: போன மாசம் ஒரு கேள்வி வந்துச்சு. 'பாப்பா கன்னம் செவக்குது, தாடி குத்துறதால இருக்குமா'ன்னு. எனக்குச் சிரிப்பு தாங்கலை. வசந்திக்கு எங்கருந்து தாடின்னு.

ரஞ்சித்: எனக்குத்தாங்க தாடி. இப்பதான் எடுத்தேன்.

காஷிஃபா: தெரியுது. தாடைல வெட்டுக் காயம்.

ரஞ்சித்: பாத்தீங்களா, முழிச்சுக்கிச்சு... வாடி, வாடி கண்ணு. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. தேனு... தேனும்மா...

காஷிஃபா: தேன்மொழியா பேரு?

ரஞ்சித்: ஆமாங்க. வசந்தி வச்ச பேரு. வயித்துல இருக்கறப்பவே... பாருங்க மேடம், பாருங்க! நீங்க பேசுனதும் திரும்புது.

காஷிஃபா: என்னையா பாக்குது?

ரஞ்சித்: தெனம் கேக்கற கொரலாச்சே. காலைல போனுலருந்து அந்தக் கொரலு வந்தா, அழுவறத நிறுத்திட்டு போனத்தான் பாக்கும். அதுக்குள்ள யாரோ இருக்காங்கன்னு நெனப்பு அதுக்கு.

காஷிஃபா: அல்லாஹ்... இங்க குடுங்க. அடேயப்பா, நல்லா கனமா இருக்காளே.

ரஞ்சித்: பொறக்கறப்ப ரெண்டு கிலோ கூட இல்லைங்க. முதுகத் தாங்கிப் புடிங்க... ஆ, அப்பிடித்தான். பசிக்குதுன்னா கைய வாய்ல வுடுவா. இருங்க, சாமைக் கஞ்சி காச்சி வச்சிருக்கேன். வெதுவெதுப்பா இருக்கான்னு மணிக்கட்டுல தொட்டுப் பாத்துட்டு...

காஷிஃபா: கஞ்சி காச்சுனது நீங்களா?

ரஞ்சித்: அவ காலைலயே போய்ட்டாளே.

காஷிஃபா: பால் குடுத்துட்டுப் போனாங்களா?

ரஞ்சித்: குடுத்துட்டுத்தான்... பீச்சி வச்சிட்டும் போயிருக்கா.

காஷிஃபா: எதுல வச்சிருக்காங்க?

ரஞ்சித்: அது... உள்ள...

காஷிஃபா: அந்த மூலைல பால்மாவு டப்பா இருக்கே. பக்கத்துல காலி டப்பாவும் அடுக்கி இருக்கு. அண்ணா, அந்த மாடத்துல ஒரு படம் செவுத்தப் பாத்துத் திரும்பி நிக்குது. பின்னாடி நூலு தொங்குது. பூ கட்டுற நூலு. நான் வாசல்ல கூப்புட்டப்ப உள்ள ஏதோ சத்தம் கேட்டுச்சு. அப்பதான் திருப்பி வச்சீங்களா?

ரஞ்சித்: குடுங்க புள்ளைய.

காஷிஃபா: தர்றேன். மொதல்ல சொல்லுங்க.

ரஞ்சித்: குடுங்கன்னு சொல்றேன்!

காஷிஃபா: இந்தாங்க... இந்தாங்க. நான் புள்ளையப் புடுங்கிகினு போவ வரலைண்ணா.

ரஞ்சித்: ...அவ இல்லைங்க. ஆடி மாசம். புள்ளைய மட்டும் குடுத்துட்டு, அவ போய்ட்டா.

காஷிஃபா: இன்னாலில்லாஹி... உக்காருங்கண்ணா. நிக்காதீங்க, உக்காருங்க.

ரஞ்சித்: நீங்க சொன்னத எல்லாம் கேட்டா அவ. 'பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே கீழ எறங்கி, ஆஸ்பத்திரி பக்கத்துல தங்கிடுங்க'ன்னு சொன்னீங்கல்ல? பையெல்லாம் கட்டி வச்சுட்டா. புள்ளைக்குத் துணி, சீப்பு, சோப்பு டப்பா... வெள்ளிக்கெழம போலாம்னு இருந்தோம். புதங்கெழமையே வலி வந்துடுச்சு.

காஷிஃபா: நாள் இருக்கறப்பவேவா?

ரஞ்சித்: இன்னும் மூணு வாரம் இருந்துச்சு. அன்னிக்குன்னு பேய் மழை. ஜீப்பு எடுத்துகினு போனோம்ங்க, போவலைன்னு யாரும் சொல்ல முடியாது. மலைரோட்டுல மரம் வுழுந்து கெடக்குது. அந்தாண்ட ஆம்புலன்சு, இந்தாண்ட நாங்க. கம்பளில தூளி கட்டி, மரத்துக்கு மேல ஏறித் தூக்கிகினு போனோம். அந்தப் பக்கம் எறக்கறதுக்குள்ளயே புள்ள பொறந்துடுச்சு. அவளுக்கு ரத்தம் நிக்கலை. ஆம்புலன்சுல இருந்த பையன் அவனால ஆனதெல்லாம் பண்ணான். என் கையத்தான் புடிச்சிகினு இருந்தா. 'புள்ள அழுவுதா, புள்ள அழுவுதா'ன்னே கேட்டுகினு இருந்தா. அழுவுதுடின்னு சொன்னேன்... அப்பறம் கேக்கலை.

காஷிஃபா: ...

ரஞ்சித்: அந்த ஆஸ்பத்திரில புள்ளையக் கண்ணாடிப் பெட்டில வச்சுப் பாத்தாங்க. காரியம் முடிச்சு, புள்ளையத் தூக்கிகினு வந்து இங்க உக்காந்திருக்கோம். வூடு முச்சூடும் சனம். அப்பப் பாத்து அவ போனு கத்துது. எடுத்துப் பாக்கறேன், 'வணக்கம் வசந்தி. தாயானதற்கு வாழ்த்துகள்'னு எழுதி, கூட உங்க கொரலு.

காஷிஃபா: யா அல்லா... தேதி வச்சு அதுவா போறதுண்ணா அது. ஆஸ்பத்திரில புள்ள பொறந்ததப் பதிஞ்சா...

ரஞ்சித்: தெரியும்ங்க. மிசினு. ஆனா அன்னிக்கு அதத் தூக்கிச் செவுத்துல அடிச்சிருப்பேன். எங்க அத்ததான் கையப் புடிச்சுது. மறுநாளும் வந்துச்சு, 'வணக்கம் வசந்தி'ன்னு. அதுக்கு மறுநாளும். யாரு செத்தா எனக்கு இன்னான்னு தெனம் காலைல வந்து வணக்கம் வைக்குது. நான் எடுக்கவே இல்ல.

காஷிஃபா: அப்பறம் எப்ப எடுத்தீங்க?

ரஞ்சித்: ஒரு நா புள்ள சில்லுன்னு ஆயிடுச்சுங்க. கையி, காலு, ஒதடு... அழுவக் கூட இல்ல. கம்பளி மேல கம்பளி சுத்துறோம், கதகதப்பு வரலை. அத்த அழுவுது, 'இதுவும் போவுதுடா'ன்னு. அப்ப போனு கத்துச்சு. ஆத்தாமைல அமுக்குனேன்.

காஷிஃபா: இன்னா சொல்லியிருந்தேன்?

ரஞ்சித்: எனக்கு மனப்பாடம்ங்க. 'வசந்தி, குழந்தை எடை குறைவாகப் பிறந்திருக்கிறது. துணி மட்டும் போதாது. குழந்தையின் சட்டையைக் கழற்றி, உங்கள் வெறும் நெஞ்சின் மேல் படுக்க வைத்து, மேலே போர்த்திக்கொள்ளுங்கள். உங்கள் உடம்புச் சூடுதான் அதற்கு மருந்து'ன்னு.

காஷிஃபா: அந்த மெசேஜா...

ரஞ்சித்: அத்தைய செய்யச் சொன்னேன். அது அழுவறத நிறுத்தலை. சட்டையக் கழட்டிட்டு நானே போட்டுக்கினேன். எல்லாரும் பாக்கறாங்க. ஆம்பள நெஞ்சுல புள்ளையப் போட்டுகினு கெடக்கறான் பாருன்னு ஒருத்தன் சிரிச்சான். நான் அசையலை. ராப்பகல்னு பாக்காம அப்பிடியே செவுத்துல சாஞ்சுகினு கெடந்தேன். கொஞ்சங் கொஞ்சமா காலு சூடாச்சு. அப்பறம் ஒரு அழுவ அழுதா பாருங்க... இன்னா மேடம், நீங்க அழுவறீங்க?

காஷிஃபா: இல்ல. சொல்லுங்க.

ரஞ்சித்: அன்னிலருந்து போனு கத்துனா நான்தான் வசந்தி. 'வணக்கம் வசந்தி, இன்று குழந்தைக்குத் தடுப்பூசி'ன்னா தூக்கிகினு ஓடுவேன். பால்மாவு எவ்ளோ கலக்கறதுன்னு தெரியலை, 'எனக்குப் பால் வத்திப் போச்சுக்கா'ன்னு பொய் சொல்லிக் கேட்டேன். நீங்க பொறுமையா சொன்னீங்க. மறுபடியும் ஒரு தபா கேட்டேன், அப்பவும் திட்டலை.

காஷிஃபா: நெசத்த சொல்லியிருக்கலாமே.

ரஞ்சித்: பொம்பளைங்க குரூப்பாச்சேங்க. ஆம்பளைன்னு தெரிஞ்சா தூக்கிடுவீங்க. அம்மா இல்லாத புள்ளைன்னு தெரிஞ்சா ஆபீஸருங்க வந்து, இவனால வளக்க முடியாதுன்னு சொல்லி, எங்கியாச்சும் ஹோமுல... அதான். இப்ப தெரிஞ்சுடுச்சு. தூக்கிடுவீங்களா?

காஷிஃபா: அத அப்பறம் பேசலாம். கஞ்சி ஆறுது பாருங்க, ஊட்டுங்க.

ரஞ்சித்: ம்... ஆ காட்டு. ஆ... என் தங்கம்.

காஷிஃபா: வூட்ல வேற யாரும் இல்லையாண்ணா? அத்தன்னு சொன்னீங்களே.

ரஞ்சித்: வெள்ளையம்மா அத்தங்களா... வசந்தி அம்மா. அது திருப்பத்தூர் போயிருக்கு.

காஷிஃபா: இன்னா வேலையா?

ரஞ்சித்: துணி எடுக்க.

காஷிஃபா: விசேஷமா?

ரஞ்சித்: ஆமாங்க.

காஷிஃபா: யாருக்குண்ணா விசேஷம்?

ரஞ்சித்: எனக்குத்தாங்க. கல்யாணம்.

காஷிஃபா: ஓ.

ரஞ்சித்: அப்பிடி 'ஓ'ன்னு சொல்லாதீங்க.

காஷிஃபா: வேற இன்னா சொல்றது? பொண்ணு எந்த ஊரு?

ரஞ்சித்: அத்த வூட்டுப் பொண்ணுதான். வசந்தி தங்கச்சி. காவியா.

காஷிஃபா: இன்னா பண்ணுது?

ரஞ்சித்: படிக்குதுங்க. பதினொண்ணாவது. ஆஸ்டல்ல.

காஷிஃபா: வயசு?

ரஞ்சித்: பதினாறு முடிஞ்சிருக்கும்.

காஷிஃபா: அக்கா புள்ளைய வளக்கறதுக்காக அந்தப் பொண்ணு படிப்ப நிறுத்தப் போறீங்க. இல்லையா?

ரஞ்சித்: நான் நிறுத்தலைங்க.

காஷிஃபா: தாலி கட்டப் போறது யாரு?

ரஞ்சித்: கேளுங்க மேடம்...

காஷிஃபா: இன்னும் இன்னா கேக்கறது? போன மாசம் அதப் பத்தியே ஒரு வாரம் பேசுனேன். பதினெட்டுக்கு முன்னாடி கல்யாணம் பண்ணா அந்த ஒடம்பு இன்னா ஆவும், படிப்பு இன்னா ஆவும்னு. 'உங்க ஊர்ல நடந்தா இந்த நம்பருக்குச் சொல்லுங்க'ன்னு நம்பரும் குடுத்தேன். நீங்க கேக்கலையா? கஞ்சியும் தடுப்பூசியும் மட்டும்தான் காதுல வுழுந்துச்சா?

ரஞ்சித்: கேட்டேங்க. கேட்டுட்டு அத எடுத்து எங்க ஊரு குரூப்புலயும் போட்டேன். அதுல ஊர்க் கவுண்டரு இருக்காரு, எங்க அத்த இருக்குது, எல்லாரும் இருக்காங்க. எங்க அத்த இன்னா பண்ணுச்சு தெரியுமா? கட்டை வெரலு போட்டுச்சு. போட்டுட்டு, அன்னிக்கு சாயந்தரமே ஊர்ப் பெரியவங்களக் கூட்டி வச்சு கல்யாணத்தப் பேசுச்சு. கேட்டா, 'அது ஊரு ஒலகத்துக்குச் சொல்ற சேதி, நம்ம வூட்டுக்கு இல்ல'ன்னுது.

காஷிஃபா: நீங்க வாயத் தெறந்து வேணாம்னு சொன்னீங்களா?

ரஞ்சித்: சொன்னேன். ஒரு தபா. 'எனக்கு வேணாம் அத்த, புள்ளைய நானே பாத்துக்கறேன்'னு. அது இன்னா சொல்லிச்சு தெரியுங்களா? 'ஒரு பொண்ண உங்கிட்டக் குடுத்து வாரிக் குடுத்துட்டேன். இன்னொண்ணையும் நம்பிக் குடுக்கறேன், அது உனக்கு வேணாமா? அப்ப நாளைக்கு எவளையோ இட்டுனு வருவ, அவ எம் பேத்தியப் பட்டினி போடுவா. எங்க பொண்ணு வேணாம்னா எங்க ரத்தமும் உனக்கு வேணாம், புள்ளையக் குடு'ன்னு தொட்டில அவுத்துடுச்சு.

காஷிஃபா: அவங்க மேலயும்...

ரஞ்சித்: அது மேல தப்பு சொல்ல மாட்டேங்க. பெத்த பொண்ண மண்ணுல வச்சுட்டு, பேத்தியத் தூக்கிகினு நிக்குது. அதுக்குப் பயம். ஊரும் அதுதான் சரின்னுது. அக்கா போனா தங்கச்சி... இது எங்க சனத்துல புதுசு இல்ல. எங்க சித்தி கூட அப்பிடித்தான் வந்தா.

காஷிஃபா: அதுக்காக? புள்ளைய வச்சுக்க அந்தப் பொண்ணக் குடுத்துடறதா?

ரஞ்சித்: இதே வூட்ல, பாவாட சட்டை போட்டுகினு எனக்கு எதுத்தாப்புல சம்மணம் போட்டுச் சோறு தின்ன பொண்ணுங்க அது. எங்க கல்யாணத்துல வசந்தி முந்தானையப் புடிச்சுகினே சுத்துச்சு. மொதல் மொதல்ல ஆஸ்டல்ல கொண்டு போய் வுட்டது நான்தான். 'மாமா, ஞாயித்துக்கெழம வந்துடு'ன்னு கேட்டு வரைக்கும் ஓடி வந்து அழுவும். அத நான் எப்பிடிங்க...

காஷிஃபா: அப்ப மறுபடியும் சொல்லுங்க. கட்ட முடியாதுன்னு ஊர்ல நின்னு சொல்லுங்க.

ரஞ்சித்: சொன்னா இவ போய்டுவா மேடம். இந்தக் கை போய்டும்... பாருங்க, எப்பிடி என் வெரலப் புடிச்சுகினு கீறா.

காஷிஃபா: ரஞ்சித்ண்ணா, நான் ஒண்ணு சொல்லணும்.

ரஞ்சித்: சொல்லுங்க.

காஷிஃபா: நான் வசந்தி குரலப் பதிய வரலை. வசந்தி இல்லைன்னு எனக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியும். வாசல்ல நின்னு நான் கேட்டதெல்லாம் வேணும்னேதான் கேட்டேன்.

ரஞ்சித்: எப்பிடித் தெரியும்?

காஷிஃபா: நேத்து நாங்க குடுத்த அந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. குரல்ல. அதுல வசந்தி பேரு இருந்துச்சு, ஊரு பேரு இருந்துச்சு. நான் போய் எங்க குரூப்புல தேடிப் பாத்தா, செத்துப் போனவங்க நம்பர்லருந்து காலைலதான் 'பாப்பா தவழறா அக்கா'ன்னு வந்திருக்கு. பொம்பளைங்க குரூப்புல பொம்பள மாதிரி நடிச்சுகினு, இந்தப் பக்கம் சின்னப் பொண்ணக் கட்டிக்கப் பாக்கறான், எப்பேர்ப்பட்ட ஆளா இருப்பான்னு...

ரஞ்சித்: நடிச்சது நெசந்தான்.

காஷிஃபா: கீழ புதூர்நாட்டுல, குழந்தைங்களப் பாத்துக்கற அதிகாரிங்க ரெண்டு பேரு ஜீப்புல உக்காந்திருக்காங்க. கூட ஒரு போலீசம்மாவும் இருக்காங்க. 'நான் மொதல்ல போய் அந்த ஆளப் பாத்துட்டு போன் பண்றேன், அப்பறம் வாங்க'ன்னு சொல்லிட்டு வந்தேன். நீங்க எம் மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னப்ப எல்லாம் கை போனுக்குத்தான் போச்சு.

ரஞ்சித்: அப்பறம் ஏன் பண்ணலை?

காஷிஃபா: கஞ்சிய மணிக்கட்டுல தொட்டுப் பாத்தீங்க. ஆனா எனக்கு இது புரியலைண்ணா. நீங்க சொல்றத நம்பவும் தோணுது. அந்த மெசேஜக் கேட்டா அதையும் நம்பாம இருக்க முடியலை. நீங்களே கேளுங்க. போடறேன்.

போனில் காவியாவின் குரல்: மேடம்... எம் பேரு காவியா. பதினொண்ணாவது படிக்கறேன். எங்க அக்கா வசந்தி புள்ள பெத்துட்டு செத்துடுச்சு... எங்க மாமா... எங்க மாமா ரஞ்சித்து என்னைக் கட்டிக்கறேன்னு... கட்டாயப்படுத்தறாரு மேடம். வர்ற வெள்ளிக்கெழம கல்யாணம்... நான் படிக்கணும். சீக்கிரம் வாங்க... எங்க மாமா... ரொம்ப... ரொம்ப மோசமான ஆளு மேடம்...

காஷிஃபா: எப்பிடி அழுவுது பாருங்க. ராத்திரி முச்சூடும் எனக்குக் காதுல இதான். வேத்து நம்பரு. யாரோ கூடப் படிக்கற பொண்ணு வூட்டு போனா இருக்கும்னு நெனச்சேன். திரும்பக் கூப்புட்டா யாரும் எடுக்கலை. இந்த மெசேஜ் இருக்கற வரைக்கும் கேசு உங்க மேலதான் வரும். அது தெரியுதா? எழுதிக் கையெழுத்து வாங்குவாங்க, ஸ்டேசனுக்குக் கூப்புடுவாங்க. ஊருக்கு நடுவுல நிக்க வச்சுக் கேப்பாங்க.

ரஞ்சித்: தெரியும்ங்க.

காஷிஃபா: தெரியும்னா? அப்ப சொல்லுங்கண்ணா. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்னு நீங்க சொல்றீங்க. மாமா கட்டாயப்படுத்தறாருன்னு அவ சொல்றா. ரெண்டுல எது பொய்யி?

ரஞ்சித்: அவ சொல்றதுதாங்க பொய்யி... நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன். போன ஞாயித்துக்கெழம ஆஸ்டலுக்குப் போய், கூட்டாளி ஒருத்தன் போன வாங்கி அவ கைல குடுத்து, 'மாமாவக் கெட்டவனாக்கிச் சொல்லு காவியா, அப்பதான் ஓடி வருவாங்க'ன்னேன். நான் வேணாம்னு நின்னா அத்தைக்கு அவமானம், புள்ளையத் தூக்கிகினு போய்டும். சர்க்காரு வந்து என்னைத் திட்டி நிறுத்திட்டுப் போனா, யாரு பொண்ணையும் யாரும் வேணாம்னு சொன்னதா ஆவாது. அவ பரீட்ச எழுதுவா, இவ என்கிட்ட இருப்பா. அன்னிக்குப் பேசவே முடியலை அவளால. யோசிச்சு யோசிச்சு நேத்துதான் அனுப்பியிருக்கா. போலீசு ஜீப்பு வரும்னு தெனமும் வாசலையே பாத்துகினு இருந்தேன், நீங்க ஒத்தையா வந்து வசந்தியக் கேட்டதும் எனக்கு ஒண்ணும் ஓடலை... போன் பண்ணுங்க மேடம், அத்த பஸ்ஸு எறங்கறதுக்குள்ள அவங்க வந்துடட்டும். ஊரு கேக்கற மாதிரி சத்தமாத் திட்டச் சொல்லுங்க. அப்பறம் அந்தப் பொண்ணு அழுவறதக் கேட்டு ராத்திரி தூங்கலைன்னு சொன்னீங்கல்ல... அது என்னைப் பாத்துப் பயந்து அழுவலைங்க. என்னைப் பத்தித் தப்பாச் சொல்ல வாய் வராம அழுவுது.